முதல் அக்கானி என்றைக்கு இறங்கியது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. கருப்பட்டி விலை ஏறிக்கொண்டே போகிறது, பருவம் மாறிப்போனதும் அதற்கு ஒரு காரணம் என்று வியாபாரிகள் சொல்வதாகப் போட்டிருந்தீர்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீளமான கடிதம்தான். முழுவதும் போட இடமில்லை என்றால், கடைசியில் நான் வைத்திருக்கிற வேண்டுகோளையாவது போடுங்கள்.

பருவம் மாறிவிட்டது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பனை ஏறுகிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லாருமே அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த வருஷத்திலிருந்து மாறியது, எத்தனை நாள் முந்தியது, எத்தனை நாள் பிந்தியது என்று ஒருவர் கேட்டால், விரல் வைத்துக் காட்ட நம்மிடம் ஓர் ஏடு வேண்டாமா? கருப்பட்டி காய்ச்சுகிற நம் அக்கானிக்கு, அதாவது பதநீருக்கு, அப்படி ஓர் ஏடு இருந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கவலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நான் கருங்கல் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மகன். 1989-ல், 24 வயதில், பம்பாய் போய்ப் பயணிகள் கப்பலில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தேன். மூன்றாம் வருஷம் கண்ணாடிக் குவளை துடைக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஒயின் பரிமாறுகிறவருக்கு உதவியாள். பிறகு இரவில் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதித் தேறி, சாப்பாட்டுக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று சொல்லி ஊற்றிக் கொடுக்கும் சொமெலியே ஆனேன். 2020-ல் கொரோனா வந்து கப்பல்கள் நின்றபோது ஊர் வந்து சேர்ந்தவன், திரும்பிப் போகவில்லை.

ஒயின் என்ற சொல்லைப் பார்த்ததும் வாசகர்களில் சிலருக்கு மனம் கசக்கலாம். குடியால் அழிந்த வீடுகள் என் சொந்தபந்தத்திலேயே உண்டு. அதனால் சொல்லிவிடுகிறேன்: யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கள் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள்ளும் நான் போகவில்லை. ருசி பார்ப்பது ஒரு தொழில். ருசி பார்க்கிற மேசையில் துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். வேலை நாட்களில் நான் வாயில் வைத்ததில் பெரும்பகுதி அதற்குள்தான் போயிருக்கிறது.

திராட்சை ரசத்தின் வாசனையை நான் முதலில் அறிந்தது எங்கள் ஊர்க் கோயிலில். பூசைக்கு உதவும் சிறுவனாக நின்றபோது, சாமியார் வருவதற்கு முன்னால் சின்னக் குப்பியில் ரசத்தை ஊற்றி வைப்பது என் வேலை. பூசைக்கு வைக்கும் ரசம் திராட்சையிலிருந்து மட்டுமே வந்ததாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குப்பியின் மூடியைத் திறந்ததும் உலர்ந்த பழமும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். எட்டு வயதில் அது எனக்கு மோட்சத்தின் மணம்.

ஆனால் ருசி பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பா. காலையில் பனையிலிருந்து இறங்கி, கலயங்களிலிருந்து அக்கானியைக் குடத்தில் ஊற்றி, சுண்ணாம்பு அடியில் தெளிய விடுவார். பிறகு ஓலைப் பட்டையை மடித்துக் கட்டி, அதில் கொஞ்சம் ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். முதலில் மூக்கு. அப்புறம் ஒரு வாய். அதை உடனே விழுங்கமாட்டார். "இது பாறைவிளை அக்கானியாக்கும் மக்களே" என்பார். அடுத்த குடத்திலிருந்து ஒரு வாய். "இது தோட்டுக்கரை. வெள்ளம் கூடுதலு." வெள்ளம் என்றால் எங்கள் பேச்சில் தண்ணீர். பனை நிற்கும் நிலத்தை விளை என்போம்; எங்களுக்கு மூன்று விளை இருந்தது. பாறைவிளையில் மண் கம்மி, கல் அதிகம். அங்கே நின்ற பனைகள் கொஞ்சமாகத்தான் சுரக்கும், ஆனால் கட்டியாக இருக்கும், இனிப்புக்குப் பின்னால் மெல்லிய ஓர் உப்பு நிற்கும். தோட்டுக்கரைப் பனை கலயம் நிறையக் கொடுக்கும், காய்ச்சினால் கருப்பட்டி குறைவாகத்தான் தேறும். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் அப்பாவுக்குத் தப்பாது.

கப்பலில் எனக்குப் பாடம் சொன்ன மூத்தவர், பிரான்ஸ் நாட்டுக்காரர், முதல் நாள் இரண்டு குவளையை என் முன்னால் வைத்தார். ஒரே திராட்சை, ஒரே வருஷம், ஒரே கை வடித்தது. ஒன்று கல் நிறைந்த சரிவில் விளைந்தது, மற்றொன்று கீழே ஆற்றுமண்ணில் விளைந்தது. எது எது என்று கேட்டார். நான் சரியாகச் சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். என் அப்பாவின் இரண்டு விளையைப் பற்றி எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வை, முப்பது வருஷம் கழித்தும் எனக்கு மறக்கவில்லை.

ஒயினை எப்படிப் பார்ப்பது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் வரும் விஷயத்துக்கு அது வேண்டும். குவளையை வெள்ளைத் துணிக்கு மேல் சாய்த்தால் விளிம்பில் நிறம் தெரியும்; வயதான சிவப்பு ஒயின் விளிம்பில் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும். ஆட்டாமல் ஒரு தடவை மோந்து பார்க்க வேண்டும், சுழற்றிவிட்டு இன்னொரு தடவை. வாயில் வைத்ததும் நாக்கின் அடியில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறு வறண்டு பிடித்தால் அது துவர்ப்பு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. தொண்டையில் சூடு ஏறினால் அது சாராயச் சத்து. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் நல்ல ஒயின்.

நான் வேலையில் இருந்த காலத்தில் அந்தத் தொண்டைச் சூடு வருஷத்துக்கு வருஷம் கூடியது. நான் குவளை துடைக்கத் தொடங்கிய நாளில் சிவப்பு ஒயின் பாட்டிலில் 12, 12.5 சதவீதம் என்று போட்டிருக்கும். நான் கப்பலை விட்டு இறங்கும்போது அதே ஊர்களின் பாட்டில்களில் 14, 14.5 என்று சாதாரணமாகப் பார்க்கலாம். வெயில் கூடினால் பழத்தில் சர்க்கரை சீக்கிரம் ஏறும். அந்தச் சர்க்கரைதான் நொதித்துச் சாராயச் சத்தாகிறது. இரவிலும் சூடு தணியாவிட்டால் பழத்தின் புளிப்பு கரைந்துபோகும். ஆனால் தோலும் விதையும் முற்றுவதற்கு அவற்றுக்குரிய நாள் வேண்டும், வெயிலுக்காக அவை அந்த வேகத்தில் ஓடி வராது. சர்க்கரை ஏறிவிட்டதே என்று பறித்தால் விதை பச்சையாகக் கசக்கும். விதை முற்றட்டும் என்று காத்திருந்தால் ஒயின் தொண்டையைச் சுடும். இந்த இடுக்கில்தான் அங்கத்து விவசாயி மாட்டிக்கொண்டிருக்கிறார். காலநிலை மாற்றத்தைப் பேப்பரில் படிப்பதற்கு முன்னால் நான் நாக்கில் அறிந்தேன் என்று சொன்னால் அது மிகையல்ல.

இப்போது ஏட்டுக்கு வருகிறேன். பிரான்சில் பர்கண்டிப் பகுதியில் போன் என்று ஓர் ஊர். அங்கே 1354-ஆம் ஆண்டு முதல் 2018 வரை, 664 வருஷத்துக்குத் திராட்சை பறிக்கத் தொடங்கிய தேதிகளை ஆராய்ச்சியாளர்கள் திரட்டி 2019-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய தேதி எங்கே கிடைத்தது தெரியுமா? அந்த ஊர் மாதா கோயிலின் கூலிக் கணக்கில். கோயிலுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பறிக்க வந்த ஆட்களுக்கு என்றைக்குக் கூலி கொடுத்தோம் என்று கணக்கப்பிள்ளை எழுதி வைத்திருந்தார். பிற்காலத்துக்கு நகராட்சிப் பதிவுகளும் பத்திரிகைகளும் உதவின. அந்தத் தேதிகளை அடுக்கிப் பார்த்தால், 1988-லிருந்து அறுவடை முன்பிருந்த சராசரியைவிட 13 நாள் முந்திவிட்டது. வெயில் காய்ந்து சீக்கிரம் பறித்த வருஷங்கள் பழைய ஏட்டிலும் உண்டு, ஆனால் அவை அபூர்வம். 1988-க்குப் பிறகு அந்த அபூர்வமே வழக்கமாகிவிட்டது. கூலி எழுதிய அந்த மனிதருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது. காசு சரியாகப் போனதா என்பதுதான் அவர் கவலை.

ஏடு கையில் இருந்ததால்தான் அவர்கள் அடுத்த காரியத்துக்குப் போக முடிந்தது. போர்தோ நகரத்துக்குக் கப்பல் ஆற்று வழியாக உள்ளேயே போகும், ஊர் நடுவில் நிற்கும். அதனால் அங்கே எனக்குத் தோட்டங்களைப் பார்க்கப் பல தடவை வாய்த்தது. 2017 மே மாதம் போனபோது கண்ட காட்சி வேதனையானது. அந்த வசந்தம் சூடாக வந்ததால் கொடி முன்கூட்டியே தளிர் விட்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் உறைபனி விழுந்தது. தளிர் எல்லாம் கறுத்துச் சுருண்டு, தேயிலைத்தூள் மாதிரி விரலில் உதிர்ந்தது. அந்த வருஷம் போர்தோவின் விளைச்சலில் ஏறக்குறைய 40 சதவீதம் போயிற்று. பூமி சூடாகும்போது பனியால் எப்படி நஷ்டம் வரும் என்று எனக்கு அதுவரை புரியாமல்தான் இருந்தது. தளிர் அவசரப்பட்டு வெளியே வருவதுதான் ஆபத்து. பனி பழைய தேதியிலேயே வருகிறது.

2021 ஏப்ரலில் இன்னும் மோசம். பிரான்ஸ் நாடு முழுக்கத் தோட்டங்களில் ராத்திரி மெழுகு டப்பாக்களை வரிசை வரிசையாகக் கொளுத்தி வைத்துக் காவல் நின்றார்கள். வேறு சில இடங்களில் பனி விழும் ராத்திரியில் தளிர் மேல் தண்ணீரைத் தெளிப்பார்கள். கேட்டால் நம்ப முடியாது. தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை விடும்; தெளித்துக்கொண்டே இருந்தால் அந்த வெப்பம் உள்ளே இருக்கும் தளிரைக் கருகாமல் காக்கும். விடிகாலையில் கொடி முழுவதும் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி நிற்கும்.

அதே 2017 நவம்பர் கடைசியில்தான் நமக்கு ஒக்கி புயல் வந்தது. கடலில் போனவர்களைப் பற்றி இங்கே எழுத என் கை ஓடவில்லை. கரையில் எங்கள் சித்தப்பாவின் விளையில் ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன. ஓரத்தில் நின்ற ஏழு பனையும் அப்படியே நின்றன. ரப்பர் வைப்பதற்காக நூறு பனைக்கு மேல் முறித்த விளை அது.

அங்கத்து விவசாயிகள் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. முன்பு பழத்தில் வெயில் படட்டும் என்று குலையைச் சுற்றி இலையைக் கிள்ளுவார்கள். இப்போது மேற்கு வெயில் படும் பக்கத்தில் இலையை விட்டுவைக்கிறார்கள். பகலில் பறித்தவர்கள் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு ராத்திரியில் பறிக்கிறார்கள், பழம் குளிர்ச்சியோடு வந்து சேரும் என்று. பெரிய ஷாம்பெயின் கம்பெனியான டெத்தேஞ்சே, இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் 2015-ல் நிலம் வாங்கி 2017-ல் கொடி நட்டது. திராட்சைக்குக் குளிர் அதிகம் என்று ஒருகாலத்தில் ஒதுக்கிய நாடு அது.

போர்தோவில் 2009-ல் ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே வயலில் 52 வகைத் திராட்சையை நட்டு, எது எப்போது தளிர்க்கிறது, எது எப்போது பழுக்கிறது என்று வருஷா வருஷம் எழுதுகிறார்கள். தங்கள் ஊர்த் திராட்சையைத் தவிர வேறொன்றைத் தொடவிடாத ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் 2021-ல் ஆறு புதிய வகைகளுக்கு அனுமதி கிடைத்தது: சிவப்பில் அரினார்னோவா, காஸ்தே, மார்செலான், தூரிகா நாசியோனால், வெள்ளையில் அல்வாரின்யோ, லிலியோரிலா. தூரிகா போர்ச்சுகல் வெயிலில் வளர்ந்த கொடி. அதிலும் பதற்றம் இல்லை பாருங்கள்: ஒரு தோட்டத்தில் 5 சதவீத நிலத்துக்கு மேல் இவற்றை நடக்கூடாது, ஒயினில் 10 சதவீதத்துக்கு மேல் கலக்கக்கூடாது. பழைய ருசி கெடாமல் புதியதைப் பழக்குகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பெயினில் நடந்தது. பார்சலோனாவுக்கு அருகே பெனெதெஸ் பகுதியில் தோரெஸ் என்ற பழைய ஒயின் குடும்பம் இருக்கிறது. மலையடிவாரத்தில் திரெம்ப் என்ற இடத்தில் 950 மீட்டர் உயரத்தில் அவர்கள் நிலம் வாங்கிக் கொடி வைத்தார்கள். நூறு மீட்டர் மேலே போனால் அரை டிகிரிக்கு மேல் சூடு குறையும் என்பது கணக்கு. ஆனால் நான் சொல்ல வந்தது அது அல்ல. 1980-களில் அந்த வீட்டார் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள்: உங்கள் நிலத்தில் பெயர் தெரியாத பழைய திராட்சைக் கொடி ஏதாவது நின்றால் எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று. கொடியின் வேரைத் தாக்கும் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சியால் ஒருகாலத்தில் அழிந்தே போனது என்று நினைத்த வகைகள், வேலியோரத்திலும் காட்டோரத்திலும் நின்றதாகக் கடிதம் வந்தது. அப்படி ஐம்பதுக்கும் மேல் கிடைத்தன. அவற்றில் சில, வெயிலுக்கும் வறட்சிக்கும் தாங்கி, புளிப்பை விடாமல் நிற்பவை. ஃபோர்காதா என்ற வெள்ளைத் திராட்சை அப்படி மீண்டு வந்ததுதான். அதை இன்று பாட்டிலில் விற்கிறார்கள். ஆசிரியர் அவர்களே, அதற்கு வழி திறந்தது பத்திரிகையில் வந்த நாலு வரி.

நம் தமிழ்நாட்டிலும் திராட்சைக்காரர்கள் உண்டு. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே 2023-ல் நம் மட்டி வாழைப்பழத்துக்கும் கிடைத்தது. கிடைத்த பிறகு மட்டிக்குலையைக் கண்ணில் பார்ப்பதே அரிதாக இருக்கிறது என்பது என் வருத்தம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அக்கானிக்கு வருவோம். 2023-ல் எங்கள் அம்மை இறந்தார்கள். காரியம் எல்லாம் முடிந்து, அவர்களின் தகரப் பெட்டியைத் திறந்தபோது சேலைக்கு அடியில் 18 நோட்டுகள் இருந்தன. பள்ளிப் பிள்ளைகளின் மெல்லிய நோட்டு. அம்மை ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்கள். பென்சிலால் எழுதியிருந்தார்கள், வருஷத்துக்கு ஒன்று. நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் வீட்டில் மாதக் கணக்கு மலையாள வழக்கான கொல்லத்து ஆண்டில்தான். முதல் நோட்டின் முதல் வரி இது:

"1149 மகரம் 26. பாறைவிளை 6 பனை. முதல் அக்கானி 2 குடம். மழை இல்லை."

அதாவது 1974 பிப்ரவரி இரண்டாம் வாரம். மகரம் என்பது தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை. அதன் பிறகு தினமும் ஒரு வரி. எத்தனை குடம், எத்தனை கருப்பட்டி, யாருக்கு எவ்வளவு கொடுத்தது. இடையிடையே வானத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். "மேடம் 14. ராத்திரி மழை. கலயத்தில் வெள்ளம். கொட்டியாச்சு." இன்னொரு வருஷம்: "மீனம் 20. நல்ல சூடு. சுண்ணாம்பு கூட்டியும் புளிச்சு." ஓரிடத்தில், "பதம் வரல்ல, அடுப்பில ஓலை தீர்ந்து" என்று மட்டும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் நாள் எனக்கு நினைவிருக்கிறது. மழைத்தண்ணீர் கலந்த அக்கானியை அம்மை மத்தியானம் தாண்டியும் காய்ச்சினார்கள். கிண்டிய அகப்பையைத் தூக்கி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள்; உருண்டு நிற்க வேண்டும். அது கரைந்து கரைந்து போயிற்று. சிரட்டைகளை வரிசையாகக் கவிழ்த்துக் கழுவி வைத்திருந்தோம், ஒன்றில்கூட ஊற்றவில்லை. அன்று அடுப்பு முன்னால் அம்மை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை.

18 வருஷத்திலும் முதல் அக்கானி இறங்கிய தேதியை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதினேன். முந்தியது மகரம் 17, பிந்தியது கும்பம் 9. மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம். அப்படியென்றால் முந்துவதும் பிந்துவதும் அந்தக் காலத்திலேயே உண்டு. ஏதோ ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொண்டு பருவம் மாறிப்போயிற்று என்றோ, மாறவே இல்லை என்றோ பேச முடியாது. முப்பது நாற்பது வருஷத்தை அடுக்கி வைத்தால்தான் அது பேசும். 1991-ல் அப்பா முழங்கால் நோவால் ஏறுவதை நிறுத்தினார். நோட்டும் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் விளையில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை.

இப்போதும் ஏறுகிற என் சித்தப்பா மகனிடம் கேட்டேன், இந்த வருஷம் முதல் அக்கானி என்றைக்கு என்று. "மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு முந்தின வாரமாக்கும் அண்ணே" என்றான். போன வருஷம்? "அது ஓர்மை இல்ல." அவன்மேல் குற்றம் இல்லை. காலையும் மாலையும் முப்பது பனை ஏறி இறங்குகிறவன் ராத்திரி நோட்டு எழுத உட்காருவானா? அம்மை மாதிரி ஒருவர் அடுப்பங்கரையில் இருந்ததால்தான் அப்பாவின் காலம் ஏட்டில் ஏறியது. அவன் சொல்வதெல்லாம், கோடைமழை இப்போது சொல்லிக்கொள்ளாமல் வருகிறது, கலயம் வெள்ளமாகிறது, சூடு கூடிய நாளில் அக்கானி முற்றம் வந்து சேர்வதற்குள் புளிக்கத் தொடங்குகிறது என்பதுதான். இதைத் தேதியோடு எழுதியிருந்தால், எந்த வாரத்தில் பாளை கட்டுவது, எந்த விளையில் முதலில் ஏறுவது என்று அவனுக்கே ஒரு வழி தெரிந்திருக்கும்.

பனை விஷயத்தில் இது இன்னும் அவசரம். திராட்சைக் கொடி நட்டால் மூன்றாம் நான்காம் வருஷம் பழம் பறிக்கலாம். தப்பு செய்தாலும் திருத்திக்கொள்ளலாம். பனை பாளை விடவே பத்துப் பதினைந்து வருஷம் வேண்டும். இன்று எந்த மரத்தின் கொட்டையை எடுத்து எந்த மண்ணில் புதைக்கிறோம் என்பது பேரப்பிள்ளைகள் காலத்துக்கான தீர்மானம். மழையிலும் கட்டியாகச் சுரக்கும் பனை, சூட்டிலும் சீக்கிரம் புளிக்காத பனை, மற்றவற்றுக்கு முன்னால் பாளை விடும் பனை என்று ஊருக்கு இரண்டு மூன்று இருக்கத்தான் செய்யும். ஏறுகிறவர்களுக்கு அவை ஒவ்வொன்றும் தெரியும். ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ருசிக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஒயின் வாங்குகிறவர் எந்தச் சரிவு, எந்த வருஷம் என்று கேட்டு வாங்குகிறார். அதற்குக் காசு கொடுக்கிறார். அந்தக் காசில்தான் விவசாயி மெழுகு டப்பா வாங்குகிறார், மலையில் நிலம் வாங்குகிறார். நாம் கருப்பட்டியை எப்படி வாங்குகிறோம்? போன மாதம் ஒரு கடையில் சுத்தக் கருப்பட்டி என்று சொல்லிக் கொடுத்ததை வீட்டில் கொண்டுவந்து உடைத்தேன். நாக்கின் நுனியில் இனித்தது, அங்கேயே முடிந்துவிட்டது. சீனி கலந்த சரக்கு. நல்ல கருப்பட்டி அப்படி முடியாது. முதலில் புகை, அப்புறம் இனிப்பு, அதன் பின்னால் சுண்ணாம்பின் மெல்லிய கடுப்பு, கடைசியில் அண்ணத்தில் ஒரு உப்பு. எந்த விளை, எந்த மாதம் காய்ச்சியது என்று கேட்டு வாங்குகிற பத்துப் பேர் ஒரு ஊரில் இருந்தால், கலப்படக்காரர் அந்த ஊருக்கு வரப் பயப்படுவார். ஏறுகிறவருக்கும் நியாயமான காசு கிடைக்கும்.

இனி வேண்டுகோள். தை பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் தங்கள் மாவட்டப் பக்கத்தின் ஒரு மூலையில், ஒரு தீப்பெட்டி அளவு இடம் ஒதுக்குங்கள். வாசகர்கள் தபால் அட்டையிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரி அனுப்பட்டும்: ஊர், விளை, தேதி, முதல் அக்கானி, கட்டியா வெள்ளமா, மழை உண்டா இல்லையா. விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம், திருவட்டாறு, அகஸ்தீஸ்வரம், தோவாளை என்று தாலுகா வாரியாகப் போடுங்கள். அக்கானியோடு நிறுத்த வேண்டியதில்லை. முதல் மாம்பூ, முதல் சக்கை (பலா), கொல்லாமரம் (முந்திரி) பூத்த நாள் எல்லாம் வரட்டும். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில், அதே அளவில் போடுங்கள். வருஷக் கடைசியில் தொகுத்து ஏதாவது ஒரு கல்லூரித் தாவரவியல் துறைக்குக் கொடுத்துவிட்டால் பாதுகாப்பாக இருக்கும்.

பழைய தேதிகளும் வேண்டும். எங்கள் அம்மையைப் போல எழுதி வைத்த பெண்கள் வேறு வீடுகளிலும் இருந்திருப்பார்கள். பெட்டியின் அடியைப் பாருங்கள். கருப்பட்டி மொத்தமாக எடுத்த கடைக்காரர்களின் பேரேடுகளைக் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கோயில்களில் முதல் பலனாக வந்த கருப்பட்டியையும் சக்கையையும் வாழைக்குலையையும் பூசைக்குப் பிறகு ஏலம் போடுகிறோமே, அந்த ஏலக் கணக்கில் தேதி இருக்கும், பொருள் இருக்கும், விலையும் இருக்கும். போன் ஊரில் 664 வருஷத்தைக் காட்டிக் கொடுத்ததும் ஒரு கோயிலின் கணக்குத்தான். பங்குத்தந்தையர்களும் சபைப் போதகர்களும் அந்தப் பழைய நோட்டுகளைத் தூசிதட்டி ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

தோரெஸ் வீட்டார் கேட்ட மாதிரி நாமும் ஒன்று கேட்கலாம்: உங்கள் ஊரில் மற்ற பனைகளைப் போல் இல்லாத ஒரு பனை நின்றால், அது முறிபடும் முன்னால் எழுதுங்கள்.

அம்மையின் 18 வருஷத்து முதல் தேதிகளையும் ஒரு தாளில் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றால் தங்கள் நிருபர் வீட்டுக்கு வரலாம். கையில் கொடுத்தனுப்ப மட்டும் மனம் வரவில்லை. சித்தப்பா மகனிடம் ஒரு நாட்காட்டியும் பென்சிலும் கொடுத்து, அக்கானி காய்ச்சும் இடத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். எழுதுவது அவன் மகள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மகரத்தில் பாளை கட்டியதும் முதல் வரியை அவளே தங்களுக்கு அனுப்புவாள். அதற்கு முந்தைய வரியாக இதைப் போடுங்கள்:

1149 மகரம் 26. பாறைவிளை 6 பனை. முதல் அக்கானி 2 குடம். மழை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர் ஒருவர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.